எஞ்சினுக்குக் கம்பெனி, எனக்கு லோக்கல்

எனக்குக் குரல் போய்விட்டது என்று தெரிந்ததும் என் வீட்டுக்காரர் முதலில் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கென்ன, வீடு அமைதியாக இருக்கிறது என்ற சந்தோஷம். எனக்கல்லவா பிழைப்பு! நான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவள். "கிளட்ச்சு! கிளட்ச்சை மிதிங்க! ஐயோ, அது பிரேக்குங்க!" என்று நாள் முழுக்கக் கத்தித்தான் சாப்பிடுகிறேன்.

தொண்டை டாக்டர், ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது என்றார். கிசுகிசுப்பதுகூடக் கூடாதாம். பகல் பூரா எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று கேட்டார். ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டினேன்.

"கத்தறதால மட்டும் வந்ததில்ல இது. அந்தக் கார்ல என்ன காத்து வருதுன்னு முதல்ல பாருங்க" என்றார்.

பார்த்தேன். மறுநாள் காலையில் ஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்தி, டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருக்கிற ஏசி ஃபில்டரை உருவினேன். காருக்குள் உட்கார்ந்து நாம் இழுக்கிற மூச்சுக்கு அதுதான் வடிகட்டி. மாற்றி ரொம்ப நாள்கூட ஆகவில்லை. அதற்குள் நனைந்த அட்டை மாதிரி தொய்ந்து, கறுத்து, ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாற்றத்தைச் சொல்லவே வேண்டாம். பேரும் இல்லை, முத்திரையும் இல்லை, சுத்த லோக்கல் சாமான்.

சரி, எஞ்சின் மட்டும் என்ன மூச்சு விடுகிறது, அதையும் பார்த்துவிடலாம் என்று பானெட்டைத் தூக்கினேன். அங்கே கம்பெனி முத்திரை போட்ட ஏர் ஃபில்டர், புது மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தது. அதையும் உருவி எடுத்தேன். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

வண்டிக்குச் சாமான் வாங்குவதெல்லாம் அக்காதான். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, என் ஓரகத்தி. அண்ணனை அவள் கட்டினாள், தம்பியை நான் கட்டினேன். ஸ்கூலை ஆரம்பித்தவள் அவள். முதலில் அவள்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் தனியாக வரும்போது, ரயில்வே கேட்டில், தண்டவாளத்துக்கு நடுவில் வண்டி நின்றுபோனது. கேட் இறங்க ஆரம்பித்துவிட்டது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. யார் யாரோ ஓடிவந்து வண்டியைத் தள்ளி இந்தப் பக்கம் சேர்த்தார்கள். அன்றைக்கு எஞ்சினில் கிடந்தது ஒரு லோக்கல் ஃபில்டர். அதுதான் கழுத்தறுத்தது என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அதற்கப்புறம் எஞ்சினுக்குக் கம்பெனி சாமான் தவிர எதையும் கிட்டே சேர்க்க மாட்டாள். தானும் அந்த வண்டியில் ஏற மாட்டாள். அவள் ஆபீஸ் மேஜையோடு உட்கார்ந்துவிட, வண்டி என் தலையில் விழுந்தது.

இன்னொன்றும் இருந்தது. மெயின் ரோட்டில் புதிதாக ஒரு டிரைவிங் ஸ்கூல் வந்திருக்கிறது. எல்லாம் புது வண்டி. என்னை வரச்சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் கட்டாயம் பதில் வேண்டும், போன் பண்ணுகிறோம் என்றிருந்தார்கள். அக்காவிடம் நான் மூச்சு விடவில்லை. எந்த முகத்தோடு சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கறுத்த ஃபில்டரைப் பார்த்ததும் தவிப்பெல்லாம் பறந்துவிட்டது. போன் வந்தால் வெட்டிவிட்டு, 'வருகிறேன்' என்று மெசேஜ் தட்டிவிட வேண்டியதுதான்.

ஆனால் சண்டை போடாமல் போனால் எனக்குத் தூக்கம் வருமா? வாய்தான் இல்லையே! டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஹாரனை அழுத்தினேன். விடவே இல்லை.

அக்கா அலறிக்கொண்டு வெளியே வந்தாள். "ஏய் சின்னவளே! பைத்தியமா பிடிச்சிருக்கு?"

ஒரு கையில் அந்த ஃபில்டர், ஒரு கையில் இந்த ஃபில்டர். கறுத்ததை அவள் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவள் முகத்தைச் சுளித்துப் பின்வாங்கினாள். முழங்கையால் மறுபடி ஹாரன்.

"நிறுத்துடி, தெருவே வேடிக்கை பாக்குது! நான் கேக்கறேன். ஆமான்னா ரெண்டு தடவை அடி. இல்லைன்னா நீட்டா ஒண்ணு அடி. போதுமா?"

பாம், பாம்.

"தொண்டைக்கு இதுதான் காரணம்னு டாக்டர் சொன்னாரா?"

அவர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. அதற்கெல்லாம் ஹாரனில் வழி ஏது? பாம், பாம்.

"அது வெறும் காத்து வர்ற ஃபில்டர்தானேடி. எதைப் போட்டா என்னன்னு வாங்கிட்டேன்."

நீட்டாக ஒன்று அடித்தேன். எதிர்மாடியில் சட்டை உலர்த்திக்கொண்டிருந்தவர் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டார்.

எஞ்சின் ஃபில்டரைத் தூக்கிக் காட்டினேன். அப்புறம் என் நெஞ்சைத் தட்டி, கறுத்ததைக் காட்டினேன். எஞ்சினுக்குக் கம்பெனி, எனக்கு லோக்கலா? சத்தம் வராமல் உதடு மட்டும் துடித்தது. அழுகையும் வந்து தொலைத்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தினம் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் போற. நீ திரும்பி வர்ற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருப்பேன். நீ உள்ள இருக்கும்போது வண்டி நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் என் மனசுல இருந்துச்சு. எஞ்சினோட மூச்சை நினைச்சவ, உன் மூச்சை நினைக்கலடி."

இதற்கு என்ன ஹாரன் அடிப்பது?  கோபம் மட்டும் இறங்க மாட்டேன் என்றது. ஃபில்டர் இரண்டையும் திரும்ப மாட்டினேன். பக்கத்து சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, டிரைவர் சீட்டைத் தட்டினேன். ஸ்பேர் கடை இருக்கும் திசையைக் காட்டினேன்.

"நானா? விளையாடாத."

எட்டி ஹாரனில் கை வைத்தேன். "ஐயையோ, வர்றேன், வர்றேன்" என்று ஏறினாள்.

ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓட்டினாள். என் பக்கத்திலும் கிளட்ச்சும் பிரேக்கும் உண்டு. கால் அதன்மேல் தயாராக இருந்தது. வேண்டுமென்றே ஏசியைத் திருகிவிட்டேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் அக்காவுக்கு இருமல்.

"இதுலயா நாள் பூரா உட்கார்ந்திருக்க?"

ஏசியை இன்னொரு திருகு திருகினேன்.

பெரிய சிக்னலில் பச்சை விழுந்தது. என் கால் இறங்குவதற்குள் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பாதி ரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் அத்தனை வண்டியும் அலறின. அக்கா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான் வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எத்தனை பேருக்குக் கத்தியிருக்கிறேன், இவளுக்குக் கத்த முடியவில்லையே! அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். 

அப்போது அக்காவே சொல்ல ஆரம்பித்தாள். "பதறாதீங்க. பின்னாடி இருக்கறவங்க கத்தினா கத்தட்டும். கிளட்ச்சை முழுசா மிதிங்க. நியூட்ரல். இப்ப சாவி."

அத்தனையும் என் வசனம். நான் வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்து கத்துவதை ஆபீஸ் ஜன்னல் வழியாக எத்தனை காலம் கேட்டிருப்பாள்! வண்டி கிளம்பியது. சிக்னலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினாள்.

"எஞ்சின்ல கம்பெனி ஃபில்டர்தானே இருக்கு?"

தலையாட்டினேன்.

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

அவளுடைய இடது காலைக் காட்டினேன். கிளட்ச்சைப் படக்கென்று விட்டுவிட்டாள். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். அக்கா தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கும் காலா இருந்திருக்குமோ?"

எனக்கு எப்படித் தெரியும்? தோளைக் குலுக்கினேன். இனி யாராலும் சொல்ல முடியாது.

"இத்தனை வருஷமா ஒரு அட்டையைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன் பாரு" என்று சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. என் கோபம் எந்தத் தெருவில் இறங்கிப்போனதோ தெரியவில்லை.

கடைக்காரர் அக்காவைப் பார்த்ததுமே அலமாரிப் பக்கம் திரும்பினார். "சர்வீஸா? எஞ்சினுக்குக் கம்பெனி, ஏசிக்குச் சாதா. அதானே?"

"இல்லண்ணே. எஞ்சினுக்கு அடுத்த சர்வீஸுக்குச் சாதா கொடுங்க. சரியா பொருந்தினா போதும், அடிக்கடி மாத்திக்கறோம். ஏசிக்குக் கம்பெனி."

"மாத்திச் சொல்றீங்களே?"

"சரியாத்தான் சொல்றேன்."

ஏசி ஃபில்டரைக் கடை வாசலிலேயே அக்கா மாட்டினாள். வண்டிக்குள் புதுத்துணி வாசனை வந்தது. அப்போது என் மடியில் இருந்த போன் அடித்தது. நான் வெட்டுவதற்குள் அக்கா பிடுங்கிக்கொண்டாள். "உனக்குத்தான் பேச முடியாதே! ஹலோ, அவளுக்குத் தொண்டை சரியில்ல. நான் அவ அக்கா. என்கிட்ட சொல்லுங்க."

சொன்னார்கள். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அப்புறம் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"புது வண்டியாம். நல்ல இடம்தான்டி. போறதுன்னா போ. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."  ஸ்பீக்கரைப் போட்டு, "அவகிட்டயே கேளுங்க" என்றாள்.

"மேடம், எப்ப வர்றீங்க?" என்றது போன்.

நான் எட்டி, இரண்டு உள்ளங்கையையும் ஹாரனில் வைத்து அழுத்தினேன். நீட்டாக, ஒன்றே ஒன்று. கடைக்காரர் கையில் ஃபில்டர் டப்பாவோடு வெளியே ஓடிவந்தார். தெருவில் போனவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

"கையை எடுடி" என்றாள் அக்கா, காதைப் பொத்திக்கொண்டு. "அவங்க எப்பவோ போனை வச்சிட்டாங்க."

நான் எடுக்கவில்லை.