நாலாய் மடித்த நாடா

அந்த வீட்டில் மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்வதில்லை. சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தினவர்கள் என்று நினைக்க வேண்டாம். ஆரம்பித்தால்தானே நிறுத்த? சொல்ல வேண்டியது எதுவானாலும் மகள் வழியாகப் போகும், மகள் வழியாகத் திரும்பி வரும். மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிடுவார்கள். மாமனார் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் வீட்டுக்காரர் குளியலறை விளக்கை அணைக்காமலே வந்துடறாருன்னு சொல்லு" என்பார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும் மருமகன், "அணைச்சுடறேன்னு சொல்லு" என்பான். மகள் இரண்டையும் சொல்லமாட்டாள். ரொட்டியை மென்றுகொண்டே, "காதுல விழுந்துச்சில்ல?" என்று பொதுவாகக் கேட்பாள். அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது.

மாமனார் தையற்காரர். கண் மங்கி, கடையை மூடி, மெஷினை வீட்டுக்குத் தூக்கி வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. குளிர்காலம் பூராவும் வெட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக நறுக்கி, சேர்த்துத் தைத்துப் போர்வை செய்வார். வாங்க ஆள் இருந்தது. ஆனால் குளிர்காலத்துச் சூரியன் இருக்கிறதே, அது வேலைக்கு வர மனசில்லாத ஆள் மாதிரி தாமதமாக வந்து சீக்கிரம் கிளம்பிவிடும். வந்த கொஞ்ச நேரமும் அந்த வீட்டில் ஒரே ஒரு இடத்தில்தான் எட்டிப் பார்க்கும், சமையலறை ஜன்னலில். ஊசியில் நூல் கோக்க அந்த வெளிச்சம் இல்லாமல் அவருக்கு ஆகாது. மெஷின் அந்த ஜன்னலோரம் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தது.

அந்த ஜன்னலுக்குத்தான் வந்தது வம்பு.

மருமகன் வேலை பார்த்த பெயிண்ட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். குளிர் தொடங்குகிற சமயத்தில் மகள் அவனைக் கூட்டிக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குத்தாம்பா" என்று வந்து நின்றாள். தையற்காரர் அவளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் பெட்டியோடு நின்றவனைப் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார். அவள் தானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளை அவன். கல்யாணமான நாளிலிருந்து 'மாப்பிள்ளை' என்ற சொல் இவர் வாயில் வந்ததில்லை. மகளிடம் பேசும்போது 'உன் வீட்டுக்காரர்', மனசுக்குள் 'விஞ்ஞானி'.

விஞ்ஞானிப் பட்டம் விதையால் வந்தது. கடைத்தெருவில் செடிகள் விற்கிற நர்சரிக்காரர் ஒருவர் மருமகனிடம், "வெயில் திரும்புற நேரத்துக்கு நல்ல நாத்தா கொண்டா, என் கடை வாசல்லயே உனக்கு இடம் தர்றேன்" என்று சொல்லியிருந்தார். வெளியே மண் கல்லாக இறுகிக் கிடக்கும்போதே வீட்டுக்குள் விதை போட்டு முளைக்க வைத்தால்தான் அந்த நேரத்துக்கு நாற்று தயாராகும். உடனே இவன் வீட்டிலிருந்த முட்டை அட்டைகளையெல்லாம் பொறுக்கினான். அவை தையற்காரர் தம் கோழிகளின் முட்டையைக் கொடுத்தனுப்ப வைத்திருந்தவை. கேட்டானா? மூச்சு விடவில்லை. குழிக்குக் குழி மண் நிரப்பி, தக்காளி, கத்தரி, குடமிளகாய் என்று விதை போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி ஜன்னல் திட்டில் வரிசையாக அடுக்கிவிட்டான். முளைத்ததும் தினமும் அட்டைகளைத் திருப்பி வைத்தான். பிறகு உள்ளங்கையால் நாற்றுகளின் தலையை மெதுவாக வருடிக் கொடுக்க ஆரம்பித்தான்.

தையற்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "செடிக்குத் தலை தடவிக் கொஞ்சுறாரே உன் வீட்டுக்காரர், அதுக்குத் தாலாட்டு ஏதும் உண்டான்னு கேளு."

"காத்து படாம வளருற நாத்து தண்டு மெலிஞ்சு போயிடும், தடவிக்கொடுத்தா உறுதியாகும்னு சொல்லு" என்றான் மருமகன், தலையைத் தூக்காமல்.

"எனக்கு ஊசியில நூல் கோக்க வெளிச்சம் வேணும்னும் சொல்லு."

மகள் எழுந்து தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

தையற்காரருக்கு இந்த வீட்டில் மனசுவிட்டுப் பேச மகளை விட்டால் கோழிகள்தான். பின்கட்டில் கம்பி வலைக் கூண்டில் ஏழெட்டு இருந்தன. கறுப்புக் கோழி ஒன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாரையும் முறைத்தபடி நடக்கும், அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பேர். கூண்டுக் கதவின் கொக்கி துருப்பிடித்து விழுந்துவிட்டதால், துணிக்கரையைக் கிழித்த ஒரு நாடாவால் கதவைக் கட்டி வைத்திருந்தார். தையற்காரன் முடிச்சு, கோழி கொத்தினாலும் சரி, காற்று உலுக்கினாலும் சரி, அவிழாது. மதியம் கொஞ்ச நேரம் கோழிகளை வெளியே விடும்போது முடிச்சை அவிழ்த்து, நாடாவை நாலாய் மடித்து, குண்டூசியால் தம் சட்டையில் குத்திக்கொள்வார். கீழே போட்டால் கோழி நூலை இழுத்து விழுங்கித் தொண்டையில் சிக்கிச் சாகும் என்கிற பயம். நர்சரிப் பள்ளிக் குழந்தை கைக்குட்டை குத்திக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். சின்ன வயதிலிருந்து மகள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

ஒருநாள் கோழிகளுக்கு வெதுவெதுப்பான தண்ணீர் வைக்க அவர் வந்தபோது, மகள் பின்னாலேயே வந்தாள். சலவைக்கடையில் வேலை அவளுக்கு, கிளம்புகிற அவசரம்.

"அப்பா, ஒண்ணு சொல்லிடறேன். இந்த நாத்து தேறிட்டா நாங்க இங்கயேதான் இருப்போம். தேறலன்னா அவரோட அண்ணன் ஊருக்குப் போறோம். அங்க வேலை தயாரா இருக்காம்."

"அந்த ஊர் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம். ஒரு நாள் பூரா ரயில்ல உட்காரணும்."

"உட்காரத்தான் வேணும்."

"எதுக்கு அவ்வளவு தூரம்? கிடங்குல நம்ம சிநேகிதர்தான் மேற்பார்வை. நாளைக்கே வரச்சொல்றார்."

"உங்க தயவுல வர்ற வேலை அவருக்கு வேண்டாமாம்." அவள் வாளியை வாங்கித் தண்ணீரை ஊற்றினாள். "எனக்கு உங்கள விட்டுட்டுப் போக இஷ்டமில்லப்பா. அம்மாவும் இல்லாம தனியா என்ன பண்ணுவீங்க? தயவுசெஞ்சு அந்த ஜன்னல் விஷயத்துல கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

அவள் இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அவள் சும்மா பூச்சாண்டி காட்டுகிறாள், பெற்ற அப்பனை விட்டுவிட்டு எங்கே போய்விடுவாள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நாற்றுக் கனவு கலைந்தால் விஞ்ஞானி வாலைச் சுருட்டிக்கொண்டு கிடங்குக்குப் போவான், பகலெல்லாம் கண்ணில் படமாட்டான், மகளும் இங்கேயே இருப்பாள். இப்படி ஒரு கணக்கு அவர் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. தப்புக் கணக்கு என்று யார் எடுத்துச் சொல்வது? கோழிகளா?

அதற்கப்புறம் ஒரு மதியம். முட்டை கொடுத்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். மெஷினை நகர்த்தி நடைவழிச் சுவரோரம் ஒதுக்கியிருந்தது. திட்டில் இடம் போதாமல் நாற்று அட்டைகள் அவருடைய வெட்டுமேஜை பூராவும் பரவியிருந்தன. அதுகூடப் போகட்டும். ஓரம் மட்டும் பாக்கியிருந்த போர்வை, ஒரு மாசமாகக் கண்ணைக் கசக்கிக் கசக்கித் தைத்த போர்வை, மேஜைக்குக் கீழே இருந்தது. ஊறிப்போன அட்டையிலிருந்து சொட்டிய சேற்றுத்தண்ணீர் அதன் வெள்ளைச் சதுரங்களில் பழுப்பாகப் படர்ந்திருந்தது.

மருமகன் மண் வாங்க வெளியே போயிருந்தான். மகள் வேலையில். வையலாம் என்றால் வைவதற்கும் ஆள் இல்லை. தையற்காரர் அந்தப் போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் வீடு, என் ஜன்னல், என் மேஜை, நேற்று வந்தவன் என்னை நடைவழிக்குத் தள்ளுகிறான் என்று அடிவயிற்றிலிருந்து கொதித்துக்கொண்டு வந்தது.

அடுத்து அவர் செய்ததை வேண்டுமென்றேதான் செய்தார், அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. பின்கட்டுக்குப் போனார். கூண்டு முடிச்சை அவிழ்த்தார். கதவை அகலத் திறந்தார். சமையலறைக் கதவையும் ஒருக்களித்து வைத்தார். குளிரில் கதகதப்புக்கு ஏங்கிக் கிடந்த கோழிகளுக்கு அழைப்பிதழா அடிக்க வேண்டும்? இன்ஸ்பெக்டர்தான் முதலில் படியேறியது. அவர் வெளிவாசல் வழியாக நடந்து நூல்கடைக்குப் போனார். தேவையில்லாத நூலையெல்லாம் புரட்டிப் பார்த்தார், கடைக்காரரோடு பனியைப் பற்றிப் பேசினார். வெளியே இருந்த நேரம் முழுக்க மனசு குறுகுறுத்தது, ஆனாலும் கால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை.

திரும்பி வந்தபோது மருமகன் சமையலறைத் தரையில் மண்டியிட்டிருந்தான். மகளும் அப்போதுதான் வந்திருக்கிறாள், கழுத்துத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. தரையெல்லாம் மண், கிழிந்த அட்டை, எச்சம். நாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை. இலையைத் தின்றது போக, தண்டைக் கிளறி, வேரைச் சீய்த்து, கோழிகள் தங்கள் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தன. இன்ஸ்பெக்டர் இன்னும் ஜன்னல் திட்டிலேயே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. மருமகன் அதைத் துரத்தக்கூட இல்லை. உடைந்த தண்டு ஒன்றை எடுத்து மண்ணில் நட்டுப் பார்த்தான். அது சாய்ந்தது. மறுபடி நட்டான்.

தையற்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்த வார்த்தைதான். "காத்துக்கு முடிச்சு அவுந்திருக்கும்னு சொல்லு."

மருமகன் நிமிரவில்லை. "பரவாயில்லன்னு சொல்லு. கோழிக்கு என்ன தெரியும், பாவம்."

மகள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் அவள் பார்வை கீழே இறங்கி அவர் சட்டையில் நின்றது. அங்கேயே நின்றது. அவர் குனிந்து பார்த்தார். இடது நெஞ்சில், பையின் மேலே, துணிக்கரை நாடா இருந்தது. நாலாய் மடித்து, ஓரம் பிசகாமல், குண்டூசியால் குத்தியிருந்தது. ஆத்திரத்தில் கண் மண் தெரியாமல் போனவருக்கு, கை மட்டும் பழக்கம் மறக்காமல் வேலையைச் செய்திருக்கிறது. கோழி நூலை விழுங்கிவிடக் கூடாதே என்று அந்த நேரத்திலும் கை கவலைப்பட்டிருக்கிறது.

அவள் கிட்டே வந்தாள். ஊசியைக் கழற்றினாள். நாடாவை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொண்டாள்.

"என்ன?" என்றான் மருமகன் தரையிலிருந்து.

"ஒண்ணுமில்ல. அப்பா சட்டையில நூல் ஒட்டியிருந்துச்சு."

தையற்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் திரும்பித் துடைப்பத்தை எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசவில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, கேள்வி இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு வைத்தாள், துணி துவைத்துப் போட்டாள். அவர் "ஏம்மா" என்றால் அடுத்த அறைக்குப் போய்விடுவாள். புருஷனிடமும் அவள் மூச்சு விடவில்லை என்பது அவனைப் பார்த்தாலே தெரிந்தது. அவன் எந்தக் கோபமும் இல்லாமல் மேஜையைக் கழுவி, மெஷினைத் தூக்கி வந்து பழையபடி ஜன்னலோரம் போட்டான். கால்கள் ஆடாமல் இருக்க அடியில் அட்டைத்துண்டு மடித்து வைத்தான். கூண்டுக் கதவுக்குப் புதுக் கொக்கி வாங்கி அடித்தான். தையற்காரருக்கு அவன் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கிடங்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் ஊருக்குச் சீட்டு எடுத்தாயிற்று என்பதைப் பெட்டிகள் நடுக்கூடத்துக்கு வந்த பிறகுதான் இவர் தெரிந்துகொண்டார்.

ஜன்னல் காலியாக இருந்தது. வெளிச்சம் கொட்டியது. அவர் கறை பட்ட வெள்ளைச் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து, புதுத்துணி வைத்துத் தைத்தார். வாங்குகிறவருக்கு வேறு செய்துகொள்ளலாம், இது மகளுக்கு என்று முடிவு செய்துவிட்டார். அவர் சொல்ல நினைத்ததையெல்லாம் சொல்லும் துணிச்சல் வாய்க்கு இல்லை, கைக்குத்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று காலையில் பனி தூறிக்கொண்டிருந்தது. மகள் வாசற்படியில் பைகளோடு, தெருவைப் பார்த்தபடி நின்றாள். மருமகன் உள்ளே வந்து மெஷினுக்கு எதிரே தயங்கி நின்றான்.

"மாமா."

தையற்காரர் தூக்கிவாரிப்போட்டது போல நிமிர்ந்தார். அவன் அவரை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அவ சொல்லச் சொன்னா. வண்டி வந்துடுச்சாம். நாங்க கிளம்புறோமாம்."

அவர் எழுந்தார். நாலாய் மடித்து வைத்திருந்த போர்வையை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு நடைவழி வரைக்கும் வந்தார். மகளின் முதுகு தெரிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம்தான். அவர் நீட்டவில்லை. அத்தனை வருஷமாகத் தொண்டையிலேயே நின்றிருந்த சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"அந்த ஊர்ல குளிர் ஜாஸ்தி. இதை எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க அவளை."

மருமகன் மகள் பக்கம் திரும்பினான். அவள் திரும்பிப் பார்க்காமலே ஏதோ சொன்னாள். இவருக்கும் நன்றாகக் கேட்கத்தான் செய்தது. நடந்தது எதுவும் தெரியாத அந்த நல்லவன், சங்கடத்தோடு இவர் பக்கம் திரும்பி, இன்னொரு தடவை சொன்னான்.

"வேண்டாமாம், மாமா."