கொஞ்சம் கலர் ஏத்துங்க

...அப்படி என்ன ஊரில் இல்லாததைச் சொல்லிவிட்டாள் தனக்கொடி, ஜாதகத்தோடு கொடுக்கிற படம், கொஞ்சம் கலர் ஏத்துங்க தம்பி என்றாள், அவ்வளவுதானே... ஸ்டுடியோக்கார ஜானகிராமனும் தினம் பத்துத் தரம் கேட்கிற பேச்சுதான் என்பதுபோலத் தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் கவிநிலாவின் முகத்தைப் பெரிதாக்கினான், மகளோ பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கவில்லை. கோபமா? கோபம் வந்தால் மூலக்குளம் வீடே இரண்டு படுமே, இப்போது ஏன் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறாள்? வந்த வரன் இரண்டும் தட்டிப்போயிற்று, வில்லியனூர்க்காரர்கள் கேசரியைத் தின்றுவிட்டுப் பெண் நிறம் கம்மி என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள், பெற்றவள் என்னதான் செய்வாள்... திரையில் நெற்றி வெளுத்தது, கன்னம் வெளுத்தது. சின்ன வயசில் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் வெயிலில் ஆடிவிட்டு வருவாள், "ஆப்பிரிக்காக்காரி மாதிரி வந்து நிக்குது பாரு, எவன் கட்டுவான் இத?" என்று விளையாட்டுக்குச் சொன்னதுதான், குழந்தையும் கூடச் சேர்ந்து சிரிக்கும், வலித்திருந்தால் சிரித்திருக்குமா? கடலைமாவு போட்டுத் தேய்த்த தேய்ப்பில் தோல் எரிந்து அழுததும் உண்டு... போன மாசம் பீச் ரோட்டில், இங்கே படிக்க வந்த ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டாள், தனக்கொடிக்குச் சிரிப்பு தாங்கவில்லை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கவிநிலாதான் நிதானமாக வழி சொன்னாள். அந்தப் பெண் போனபிறகு, "அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சும்மா" என்றாள்.

"மூக்குப் பக்கத்துக் கறுப்பையும் எடுத்துடட்டுங்களாம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஜானகிராமன் எடுத்துவிட்டான், தனக்கொடி நிமிர்ந்து பார்த்தாள், திரையில் இருக்கிற இவள் யார், யார் பெற்ற பெண்? புருஷன் நெடுமாறன் போய் ஆறு வருஷமாகிறது, மில்லில் ஷிப்டு முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு வருவார், முகம் கழுவி நிமிர்ந்தால் அந்தக் கறுப்பு அப்படிப் பளபளக்கும், அதில் மயங்கித்தானே கட்டினால் இவரைத்தான் என்று நின்றாள்... கரிக்கட்டை என்று அம்மா ஏசியபோது இரண்டு நாள் பட்டினி கிடந்த வாய்தானே இது? அவர் மகளுக்கென்று விட்டுப்போனது இந்த நிறம் ஒன்றுதான், அதையும் ஆள் வைத்து அழித்துக்கொண்டிருக்கிறாளே பாவி... "தம்பி, நிறுத்துப்பா, எடுத்தது எப்படியோ அப்படியே குடுத்துடு" என்றாள், சொன்னதும் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இப்போது மகள் திரும்புவாள், கையைப் பிடித்துக்கொள்வாள்...

கவிநிலா திரும்பவில்லை. "இல்லண்ணே, இருக்கட்டும்" என்றாள், "இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, கழுத்தையும் சேத்து." ஜானகிராமன் யார் பேச்சைக் கேட்பதென்று தெரியாமல் தனக்கொடியைப் பார்த்தான், தனக்கொடி வேண்டாமென்று எந்த முகத்தோடு சொல்வாள், கழுத்தும் வெளுத்தது, நாற்காலியைத் திரைக்குக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு கவிநிலா வெகுநேரம் பார்த்தாள், பிறகு கேட்டாள்.

"இப்ப நல்லா இருக்கேனாம்மா?"

நீ எப்பவுமே நல்லாத்தான்டி இருக்கே என்று சொல்ல வாயெடுத்தாள், இருபத்தாறு வருஷத்தில் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கிறோமா, பூ வைத்துவிடும்போது, காய்ச்சலில் மடியில் கிடந்தபோது, எப்போதாவது... யோசித்தாள், யோசித்துக்கொண்டே இருந்தாள், மகள் பதிலுக்குக் காத்திருந்தாள்.