அத்தை வந்து கட்டிய பெட்டி

லாவினியா கட்டிலின்மேல் அடுக்கி வைத்திருந்த துணிகளில் மேலாக இருந்த சட்டையை அத்தை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். சட்டை வழியே ஜன்னல் தெரிந்தது. ஜன்னலுக்கு அப்பால் கார் கொட்டகையும், அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவின் தொப்பியும்கூடத் தெரிந்தன. அத்தை அதைத் தரையில் போட்டாள். அந்தச் சனிக்கிழமை மதியம் தரைக்குப் போன துணிகளில் அதுதான் முதலாவது.

லாவினியா சிட்னியில் பிறந்து வளர்ந்தவள். வயது முப்பத்தெட்டு. திங்கட்கிழமை விமானத்தில் அப்பாவின் ஊரான பசிபிக் தீவு நாடு டோங்காவுக்குப் போகிறாள், அங்கே ஒரு சர்ச் நடத்தும் பெண்கள் பள்ளியில் இரண்டு வருடம் கணக்குச் சொல்லிக் கொடுக்க. என்ன உடுத்த வேண்டும் என்று தலைமையாசிரியை முன்கூட்டியே எழுதியிருந்தார்: கை வைத்த சட்டை, முழங்காலுக்குக் கீழே பாவாடை, இடுப்பில் பின்னல் கச்சை, பின்னிய தலை. லாவினியாவுக்கு அது போதும். அத்தைக்குப் போதாது. சட்டை போடாத ஆம்பிளை ரோட்டில் நடந்தால் போலீஸ் பிடிக்கிற ஊர், ஞாயிற்றுக்கிழமை கடலில் காலை நனைத்தாலே நாலு பேர் பேசுகிற ஊர், அங்கே என் தம்பி மகள் போய் இறங்கும்போது ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று காலையிலேயே போனில் சொல்லிவிட்டுத்தான் அத்தை கிளம்பி வந்திருந்தாள்.

டோங்கா வீடுகளில் அப்பாவின் அக்கா விருந்தாளி இல்லை. தம்பி பிள்ளைகளின் பொருள் எதையும் அவள் கேட்கலாம், கேட்காமலும் எடுக்கலாம், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். லாவினியாவின் கல்யாணத்தில் கேக்கின் அடி அடுக்கை முழுசாகத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு போனவள் இந்தக் கலோலைனே அத்தைதான். அந்தக் கல்யாணம் முறிந்தபோது மாப்பிள்ளை வீட்டுக்கு நேரே போய், சீராகக் கொடுத்த தையல் மெஷினைத் திரும்ப வாங்கி வந்தவளும் அவள்தான். வாங்கி வந்து தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு அந்த வாசலில் ஏறிப் பேச இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும் நெஞ்சுரம் இருக்கவில்லை என்பது லாவினியாவுக்கு மறக்கவில்லை.

துணிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஜீன்ஸ் விழுந்தது. தோள் தெரியும் கவுன் விழுந்தது. நீச்சல் உடையைக் கண்டதும் அத்தை அவசரமாக எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கொட்டகையில் தம்பி உட்கார்ந்திருக்கிறார், அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. வளர்ந்த அக்காவும் தம்பியும் ஒரே படுக்கையறையில் நிற்பதில்லை, ஒருவர் காதுபட மற்றவர் உள்ளாடைப் பேச்சு எடுப்பதில்லை. அக்கா கீழே இருக்கத் தம்பி உயரத்தில் உட்காருவது, அவள் தலைக்குப் பக்கத்தில் கால் நீட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் அத்தையின் கார் தெருமுனையில் திரும்பும்போதே அப்பா, உள்ளே புழுக்கமாக இருக்கிறது என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போயிருந்தார். அங்கே கடலில் எப்படிக் குளிப்பது என்று லாவினியா கேட்டதற்கு, போட்டிருக்கிற துணியோடு இறங்கு, மீன்களுக்கு உன்னைப் பார்க்க அவ்வளவு ஆசை இல்லை என்றாள் அத்தை.

சிவப்புக் கம்பளிக் கோட்டு வந்தபோது அத்தை அதைத் தரையில் போடவில்லை. தோளில் வைத்து அளவு பார்த்தாள். அங்க குளிர் ஏது என்றாள். சிட்னியிலும் அப்போது ஜனவரி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கோட்டு அத்தையின் கைப்பைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. லாவினியா அதற்காக இரண்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்திருந்தாள். இருந்தும் அவளுக்குக் கோபம் வரவில்லை. கேட்காமல் எடுக்க ஒருத்தி இருப்பதும் ஒரு வகையில் ஆதரவுதான் என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன.

கிளம்புவதில் அவளை உறுத்திக்கொண்டிருந்தது துணி இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி மெஷினோடு அவரைச் சேர்த்துக் கட்டிவிடுவார்கள், ரத்தம் வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். கொண்டு விடுவதும் கூட்டி வருவதும் ஆறு வருடமாக லாவினியாதான். இனி லாவினியாவின் தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். இந்த வேலைக்கு எழுதிப் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தது அப்பாவேதான். ஹாபாய் தீவில் அவர் பிறந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, பள்ளிக்கு நடந்தே போகிற தூரம், கூரைத் தகரம் மாற்றியாகிவிட்டது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி அவள் மறுக்க வழியில்லாமல் அடைத்தார். கிறிஸ்துமஸுக்கு முன்பே கப்பலில் ஒரு நீல டிரம் அனுப்பினார். போர்வை, மின்விசிறி, இரண்டு மெத்தை, தனியாக அட்டை சுற்றி ஒரு சாய்வு நாற்காலி. ஒருத்திக்கு எதற்கு இவ்வளவு என்று அவள் கேட்டபோது, பரீட்சைப் பேப்பர் திருத்த முதுகுக்கு நல்லது என்றார்.

தரையில் ஒரு குவியல் சேர்ந்த பிறகு அத்தை கறுப்பு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள். இரண்டு பாவாடை என்றாள் லாவினியா. அத்தை திருப்திப்படவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு பை நிறையக் கறுப்பு கொண்டு வந்திருந்தாள். அங்கே எல்லோரும் ஏதோ ஒரு வழியில் சொந்தம், யாராவது போய்க்கொண்டே இருப்பார்கள், ஒவ்வொருவருக்கும் நாள் கணக்கில் கறுப்பு உடுத்த வேண்டும் என்றாள். கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போகிறேனா, ஒப்பாரி வைக்கப் போகிறேனா என்று லாவினியா கேலி செய்தாள். மற்ற நாளாக இருந்தால் அத்தை நாலு வார்த்தை சுடச்சுடத் திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று சிரிக்கக்கூட இல்லை. எழுந்து போய்த் தன் காரைத் திறந்தாள்.

திரும்பி வரும்போது பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய நீளமான உருளை ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் பிரித்தாள். பாய். டோங்காவில் உடைக்கு மேல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற பாய்தான், ஆனால் மார்பிலிருந்து கணுக்கால் வரை மறைக்கும் அளவு பெரியது. வெயிலில் பழுத்த நிறம், ஓரமெல்லாம் நைந்து நார் நாராகத் தொங்கியது, பாச்சை உருண்டை வாடை அடித்தது. பள்ளிக்குக் கட்டிக்கொள்ள நேர்த்தியாக ஒன்று வேண்டும் என்று லாவினியா சொல்லி வைத்திருந்தாள். பள்ளி ஆசிரியைகள் சின்னதாக, பளபளப்பாகக் கட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருந்தாள்.

"இதக் கட்டிக்கிட்டுப் போனா பிள்ளைங்க சிரிக்கும் அத்தை. நல்லதா ஒண்ணு கேட்டிருந்தேனே."

"இது ஸ்கூலுக்கு இல்ல."

அத்தை நாரை விரலால் நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். "எங்கப்பா போனப்ப நான் கட்டினது."

சாவு வீட்டில் யார் எந்தப் பாய் கட்ட வேண்டும் என்பது லாவினியாவுக்குத் தெரியும். அந்த அளவு டோங்கா அவளிடமும் இருந்தது. செத்தவரின் அக்கா நல்ல பாய் கட்டித் தலைமாட்டில் உட்காருவாள். பெற்ற பிள்ளைகள்தான் எல்லோரிலும் தாழ்ந்தவர்கள். இருப்பதிலேயே பெரிய, இருப்பதிலேயே கிழிந்த பாயைச் சுற்றிக்கொண்டு தலைவிரிகோலமாக நிற்பார்கள். அவர்கள் கூந்தலை வெட்டுவதும் அந்த அக்காதான்.

"அப்பா இங்கதானே இருக்கார்" என்றாள் லாவினியா.

சாத்திய ஜன்னலை அத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். "ஈஸ்டர் கழிஞ்சு அங்க வரார். உன்கூட இருக்க."

"அங்க மெஷின் இல்ல அத்தை."

"அது அவருக்குத் தெரியாதா?"

போன மாதம் சர்ச் முடிந்து காருக்குப் பக்கத்தில் நிற்கும்போது சொன்னாராம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம். ஊசி குத்திக் குத்திக் கை கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டுவிட்டது, அளந்து குடிக்கும் தண்ணீர் தொண்டை நனையப் போதவில்லை, நம் அம்மா படுத்திருக்கிற மண்ணுக்குப் பக்கத்தில் போய் வயிறு நிறையத் தேங்காய்ப்பால் விட்ட கீரை தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறேன், நீ அனுமதி கொடு என்று கேட்டாராம். மெஷினை விட்டால் எத்தனை நாள் என்று ஆஸ்பத்திரியிலும் விசாரித்து வைத்திருக்கிறாராம். மகளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் கிளம்ப மாட்டாள்.

லாவினியா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மெத்தை. சாய்வு நாற்காலி. வீட்டைப் பெருக்கி, விளக்கேற்றி வைத்து, தன் அப்பா வந்து சாவதற்கு இடம் தயார் செய்யத் தன்னை முன்னால் அனுப்புகிறார்கள். முதலில் கோபம் வந்தது. அப்பாவை விட்டுவிட்டுப் போகிறோமே என்று இத்தனை வாரம் தூக்கம் கெட்டுக் கிடந்ததை நினைத்து வந்த கோபம். பிறகு அதுவும் தணிந்தது.

"நான் போகலன்னா?"

"அவரும் போக மாட்டார். அங்க அவருக்கு வேற யார் இருக்கா? இங்கயே மெஷின்ல படுத்துக்கிட்டு இன்னும் கொஞ்ச வருஷம் இருப்பார்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

வந்ததிலிருந்து பாவாடை நீளம் முதல் காதுத் தோடு வரை தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை இதைக் கேட்டதும் தன் கைப்பைப் பக்கம் திரும்பினாள். சிவப்புக் கோட்டை எடுத்து மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நான் சொன்னா அது உத்தரவாயிடும்மா. கோட்டுக்குச் சொல்லலாம். இதுக்குச் சொல்ல மாட்டேன். பாயைக் கட்டில்லதான் வெச்சிருக்கேன். பெட்டில வெக்கல."

சொல்லிவிட்டு, கீரை சுட வைக்கணும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

லாவினியா கொஞ்ச நேரம் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் போகாவிட்டால் அப்பா இருப்பார். வாரம் மூன்று நாள் அதே நாற்காலி, அதே குழாய், திரும்பும் வழியில் காரில் கண்ணை மூடிக்கொண்டு, ஒன்றுமில்லம்மா என்பார். அவளுக்கு அந்த அப்பா வேண்டும். எவ்வளவு காலம் கிடைக்குமோ அவ்வளவு காலம் வேண்டும். வெட்கமில்லாமல் அதைத்தான் அவள் மனசு கேட்டது.

நடையில் இருமல் கேட்டது. அக்கா உள்ளே இருக்கிறாளா என்று அறிவதற்கான இருமல். அத்தை சமையலறையில் இருக்கிறார் என்று லாவினியா குரல் கொடுத்த பிறகு அப்பா நிலைப்படிக்கு வந்தார். ஒல்லியாகி, சட்டை தோளிலிருந்து தொங்கியது. பெட்டியைத் தூக்கிப் பார்க்க வந்தேன் என்றார். ஊசி குத்தும் கையால் எதையும் தூக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும். அவர் கண் கட்டிலுக்குப் போனது, பாயில் நின்றது. அது எந்தப் பாய் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்படியே நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அவள் என்னென்னவோ கேட்க நினைத்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"அந்த நாற்காலி எனக்குன்னுதானே அனுப்பினீங்க?"

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "பேப்பர் திருத்தறப்ப நீ உக்காரு" என்றார். "மத்த நேரம் நான் உக்காந்துக்கறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது, இரண்டையும் அவரிடமிருந்து மறைக்கப் பெட்டிப் பக்கம் திரும்பினாள். அதற்குப் பிறகு அவர் ஏதாவது சொல்லியிருந்தால், மன்னிப்போ விளக்கமோ, அவள் ஒருவேளை பெட்டியையே கவிழ்த்திருப்பாள். அவர் சொல்லவில்லை. காத்திருந்தார். ஊசி குத்தும் கையின் புடைத்த நரம்பு படபடவென்று துடிப்பது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதை ஆறு வருடமாகப் பக்கத்திலேயே இருந்தும் தான் பார்க்கவில்லை, அல்லது பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்று அவளுக்குப் பட்டது. பெட்டியிலிருந்து இரண்டு பாவாடையையும் புத்தகங்களையும் வெளியே எடுத்தாள். பாயை நார் உதிராமல் இறுக்கிச் சுருட்டினாள். அப்படியும் நீளம் இடித்தது. குறுக்காக வைத்தாள்.

மூடி எழும்பி நின்றது. கையால் அழுத்தினாள், முழங்காலால் அழுத்தினாள். நகரு என்று சொல்லி அப்பா வந்து மூடிமேல் உட்கார்ந்தார். லாவினியா சின்னவளாக இருந்தபோது இந்த வீட்டில் எந்தப் பெட்டியானாலும் அவர் ஒரு தடவை உட்கார்ந்தால் போதும், வாயை மூடிக்கொள்ளும். இப்போது மூடி அரை விரல்தான் இறங்கியது. இருவரும் அதைக் கவனித்தார்கள். அவளும் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடி இறங்கிவிட்டது. ஆனால் ஜிப்பை இழுக்க ஆள் இல்லை. குனிந்தால் எடை போய்விடுகிறது, எழுந்தால் பெட்டி திறந்துகொள்கிறது. தோளோடு தோள் இடிக்க இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

சமையலறையிலிருந்து மூடிச்சா என்று அத்தை கேட்டாள். மறுபடி கேட்டாள். கரண்டியை வைக்கிற சத்தமும், பிறகு நடையில் செருப்புச் சத்தமும் கேட்டன. அப்பா எழுந்துகொள்ளப் பார்த்தார், பெட்டி வாயைத் திறந்தது, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

அத்தை நிலைப்படியில் நின்றாள். கட்டில், தரையெல்லாம் இறைந்து கிடந்த பெண்பிள்ளைத் துணி, அதன் நடுவில் தம்பி. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உள்ளே வந்தாள். கனத்த உடம்பு, மூட்டுவலி வேறு. கட்டில் சட்டத்தைப் பிடித்து மெல்ல இறங்கித் தரையில் மண்டி போட்டாள். யாரையும் பார்க்காமல், வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாரை விரலால் உள்ளே தள்ளித் தள்ளி, ஜிப்பை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் தலை தன் முழங்காலை நெருங்கியபோது அப்பா இரண்டு காலையும் தரையிலிருந்து உயரத் தூக்கிக்கொண்டார். அக்கா அந்தப் பக்கம் போய்ச் சேரும்வரை, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்தபடி, காலை அந்தரத்திலேயே வைத்திருந்தார்.