கல்பொடி இருமிய கார்

முருகதாஸின் மூச்சு அப்போது இராஜாக்கமங்கலத்தில் ஒரு ஒர்க்ஷாப்பின் பின்னால், குப்பை மேட்டுக்குள் எங்கோ கிடந்தது. அபினா இரண்டு கையாலும் தோண்டிக்கொண்டிருந்தாள். ஆயில் டப்பா வந்தது, கிழிந்த டியூப் வந்தது, கரிந்த பிளக் வந்தது, தேடியது வரவில்லை. காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்த போனில், அவளுடைய அண்ணன் மனைவி ஜினிஷா மயிலாடியிலிருந்து அழுதாள். "அப்பாக்க உதடு நீலமாவுது மக்கா. வேகம் பாரு." ஒர்க்ஷாப்காரன் ஸ்பானரால் முதுகைச் சொறிந்தபடி வந்து நின்றான்.

"பழைய ஏர் ஃபில்டரா? அத வச்சி புட்டு அவிக்கவா போறே பிள்ளே?"

அந்த ஃபில்டர் இருந்த கார் கல்யாணச் சீர். மயிலாடியில் சாமி சிலை கொத்தும் முருகதாஸ், மகள் ஜினிஷாவோடு சேர்த்துக் கொடுத்தது. அதற்காக அவர் சிறுவயதிலிருந்து விழுங்கிய கல்பொடி போதாது என்று, கடைசி நாலு வருடம் விடுமுறை இல்லாமலும் விழுங்கியிருந்தார். மண்டப வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்த வண்டியை அபினாவின் அம்மா தங்கபாய் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பின்னால கேமரா கெடையாதா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாளே வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் நாலைந்து தரம் இழுத்து இருமி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டதுபோல் நின்றுவிடும். "கல்லு கொத்துறவன் தந்த வண்டியாக்கும். கல்லு மாதிரிதான் நிக்கும்" என்றாள் தங்கபாய், தெருவுக்கே கேட்கும்படி. ஜினிஷா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், தொடர்ந்து நறுக்கினாள்.

வந்த மெக்கானிக்குகள் எல்லாரும் முந்தி வந்தவனை முட்டாள் என்றார்கள். அதில் மட்டும் அவர்கள் சொன்னது சரி. ஒருவன் பேட்டரியை மாற்றினான், ஒருவன் ஸ்டார்ட்டர் மோட்டாரை, இன்னொருவன் பெட்ரோல் பம்பை. நாகர்கோவிலிலிருந்து லேப்டாப்போடு வந்தவன் வண்டியில் குறையே இல்லை, ஓட்டுபவருக்குத்தான் பயிற்சி போதாது என்றான். அபினாவின் அண்ணன் ஷிபின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, வயிற்றுக்குள் பார்க்கும் டாக்டரைப்போல் உதட்டைப் பிதுக்குவான். அதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில், யாரும் மதித்துத் திறக்காத காற்று வடிகட்டியின் பெட்டியைப் பொழுதுபோகாமல் திறந்து பார்த்தவள் அபினாதான். உள்ளே ஒரு படி கல்பொடி இருந்தது. சூடாக இருந்தது. ஃபில்டரைத் தட்டிவிட்டு மாட்டினாள், வண்டி கிளம்பியது. ராத்திரி முழுதும் ஷெட்டை விட்டு நகராத வண்டியில் மறுநாள் காலை மறுபடி ஒரு படி இருந்தது.

இப்படி ஒரு வருடம் போனது. ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குத்துவிளக்கு தேய்க்க நல்ல பொடி என்று பாத்திரத்தோடு வந்து வாங்கிப்போனது. தங்கபாய் சும்மா கொடுப்பதாகச் சொல்லி, பதிலுக்கு மரச்சீனிக் கிழங்கும் மீனும் வாங்கிக்கொண்டாள். அபினா மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தாள். மைனி ஜினிஷா காலையில் தன் அப்பாவிடம் பேசும்போது போனில் கேட்கும் இருமலும் வண்டியின் இருமலும் ஒரே இருமல். ஃபில்டரைத் தட்டிய நிமிடத்தில் இரண்டும் நிற்கும். ஒரு விசேஷ நாளில் இரண்டு முறை தட்டியபோது முருகதாஸ் மருங்கூர் கோயில் மலைப்படி முழுவதையும் இடையில் உட்காராமல் ஏறினார். பயந்துபோய் இதைச் சொன்னபோது ஜினிஷா ஆச்சரியப்படவில்லை. "அப்பாக்க நெஞ்சுல கெடந்ததுதான். வண்டி வாங்கத்தானே அத உள்ள இழுத்தாரு, இங்க வராம வேற எங்க போவும்?" என்றாள்.

அந்த ஃபில்டரைத்தான் ஷிபின் அன்று தூக்கியெறிந்தான். மனைவி அப்பா வீட்டுக்குப் போயிருந்த நேரம், நண்பர்கள் கேலி பொறுக்காமல் ஒர்க்ஷாப்பில் விட்டுப் புதிது மாட்டிவிட்டான். வண்டி முதல் திருப்பிலேயே உறுமியது. தங்கபாய் அதன் முன்னால் தேங்காய் உடைத்தாள். தேங்காய் உடைந்த நேரத்தில் மயிலாடியில் முருகதாஸ் உளியைக் கீழே போட்டார்.

குப்பை மேட்டின் அடியில், ஒரு பழைய சீட் கவருக்குள் அது கிடைத்தது. அபினா அதை ஒர்க்ஷாப் சுவரில் ஓங்கி அடித்தாள். அடிக்க அடிக்க வெள்ளையாகக் கொட்டியது; அவள் கணுக்கால் புதைந்தது; ஒர்க்ஷாப்காரன் ஸ்பானரை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினான். போனில் நீளமாக ஒரு மூச்சு இழுபட்டது. பிறகு முருகதாஸின் குரல், கொஞ்சம் எரிச்சலோடு: "என்னத்துக்கு எல்லாரும் கூடி நிக்கிய? சாயா போட்டாச்சா?"

பழைய ஃபில்டர் அன்றே வண்டிக்குள் திரும்பிப் போனது. புதியதை ஓர் எலி கடித்துவிட்டதாக அபினா சொன்னாள். ஷிபின் நம்பினான், அவன் எதையும் நம்புவான். அபினா கல்லூரிக்குப் போகத் தொடங்கியதும் தட்டும் வேலை தங்கபாய்க்கு வந்தது. கல்யாணவீடுகளுக்குக் காரில் போய் இறங்காமல் அவளால் இருக்க முடியாது. தினமும் காலையில் சம்பந்தியின் பரம்பரையையே திட்டிக்கொண்டு அதை மதில் சுவரில் அடிப்பாள். திட்டு ஏற ஏற அடி பலமாக விழும், மயிலாடியில் முருகதாஸுக்கு நெஞ்சு லேசாகும். அவளிடம் உண்மையை இரண்டு பெண்களும் சொல்லவில்லை. சொன்னால் தட்டாமல் விட்டுவிடுவாள் என்ற பயம் இல்லை. தட்டுவதற்கு இன்னும் ஏதாவது சீர் கேட்பாள் என்ற பயம்.

இந்த ஆவணியில் அபினாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாயிற்று. படிப்பு முடிந்ததும் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சிவப்புக் கார் கேட்டார்கள், பின்னால் கேமராவோடு. தங்கபாய் ஜினிஷாவின் நகைகளை எல்லாம் கழற்றி வாங்கி விற்று அந்தக் காரைப் பதிவு செய்தாள். "வீட்டுக்கு வந்தவ நகை வீட்டுப் பிள்ளைக்குத்தானே?" என்று அவள் கேட்டதற்கு ஷிபின் உதட்டைப் பிதுக்கினான். நேற்று காய் நறுக்க உட்கார்ந்த ஜினிஷா, குனியும்போது லேசாக இருமினாள். தொண்டையில் ஏதோ தூசி என்றாள்.

அபினா முற்றத்துக்கு வந்து நின்றாள். அம்மா மதிலில் ஃபில்டரை அடித்துக்கொண்டிருந்தாள். போகப்போகும் வீட்டில் அந்தச் சிவப்பு வண்டி ஒரு நாள் காலையில் இருமினால், மைனிக்காக அதன் ஃபில்டரை இப்படி அடிக்க யார் தன்னை விடுவார்கள்?