குத்தூசி பட்ட சுவர்

“ஒண்ணு இந்தச் சுவர், இல்லாட்டி நான். ரெண்டுல ஒண்ணுதான் இந்த வீட்டுல ஈக்கலாம்” என்று சொல்லிவிட்டு உம்மு குல்தூம் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். மாத்தளை டவுனில் மகள் ஜஸ்லாவின் வீடு இருக்கிறது. அங்கே வெயில் அடிக்கிறது, பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள், காயப்போட்ட துணி காய்கிறது. இங்கே, ரத்தோட்டையைத் தாண்டி ரிவர்ஸ்டன் ஏற்றத்தில், ரவூப் ஹாஜியார் ஆசைப்பட்டுக் கட்டிய வீட்டில், துவைத்த சாரத்தை மறுநாள் பிழிந்தாலும் தண்ணீர் விடும்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த மலையில் மழை மேலிருந்து விழுவதில்லை. காற்று அதைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து சுவரில் அறையும். சீமெந்துக் கல் சுவர் அதைக் குடித்துவிட்டு உள்பக்கம் வியர்க்கும். தலைமாட்டில் ஈரம், அலுமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். அவளுக்கோ முழங்கால் வாதம்.

ரவூப் சின்ன வயதில் மாத்தளைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்து, பிறகு அதே தெருவில் மிளகுக் கடை போட்டவர். கடையை மருமகன் பவாஸின் கையில் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்ததே மூடுபனியைப் பார்த்துக்கொண்டு பெண்டாட்டியோடு பிளேன்டீ குடிக்கத்தான். இப்போது மூடுபனி இருக்கிறது, பிளேன்டீயும் இருக்கிறது. சண்டை பிடிக்கக்கூட ஆளில்லை. போன் எடுத்தால் அவள் ஒரே கேள்விதான் கேட்பாள்: “சுவர் காஞ்சுதா?” காயவில்லை என்றால் பேரனிடம் போனைக் கொடுத்துவிடுவாள்.

அப்படித்தான் இந்திரகுமார் பாஸைக் கூப்பிட வேண்டி வந்தது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்த மேசன்; மேசனை இங்கே பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டாரில் பல வருஷம் மாடிக் கட்டடங்களுக்கு வெளிப்பக்கமாகத் தொங்கிக்கொண்டு வேலை செய்தவர்.

“அங்க வெயில் உள்ள வராம இருக்க இந்த ரெஜிபோம் பலகைய, டீவிப் பெட்டிக்குள்ள வச்சு வருமே அந்த வெள்ளைச் சாமான, ஒட்டினோம் ஹாஜியார். இங்க குளிர் வராம இருக்க ஒட்டுவோம். சுவருக்கு ஒரு சட்டைன்னு வச்சிக்கங்களேன்.”

“உள்பக்கம் ஒட்டினா என்ன? நான் படுக்குறது உள்ளதானே.”

“மழைக்குப் போறப்ப கொடையச் சட்டைக்கு உள்ளயா பிடிப்பீங்க?” என்றாள் பாஸின் மனைவி ரஜிதா. பசை குழைப்பது அவள் வேலை. வாய் பேசுவது உபரி.

வேலை தொடங்கியது. பலகையின் ஓரம் முழுக்கப் பசையால் வரம்பு கட்டி, நடுவில் உருண்டை உருண்டையாக வைத்து, சுவரோடு அழுத்தினார்கள். செங்கல் அடுக்குவதைப் போல மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் ஒட்டினார்கள். அதன்மேல் குடைத்தலை பிளாஸ்டிக் ஆணி, பிறகு வலை, வலைக்கு மேல் பூச்சு. நடுவில் ஒரு பலகை காற்றில் எழும்பித் தேயிலைக்குள் போய் விழுந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அழகம்மா அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்து, “ஒங்க வீட்டுல ஒரு துண்டு எங்க மலைக்கு வந்திருச்சுங்க” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

சுவர் அழகாகத்தான் வந்தது. வெள்ளை வெளேரென்று, மூலை நேராக. மேலே கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் மபாஸா வந்து பார்த்துவிட்டு, “ஹாஜியார் நல்லதுன்னா எனக்கும் செய்வோம்” என்று பாஸிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஹாஜியாரின் வாய்ச்சொல்லில் அடுத்த வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

ஹாஜியாரோ சுவரை விரல் மடக்கித் தட்டினார். தேங்காயோ பலாவோ கதவுப் பலகையோ, தட்டிப் பார்த்தே வாங்கிப் பழகிய மனுஷன். டொப், டொப் என்றது சுவர்.

“பாஸ், இது பொக்கு. உள்ள ஒண்ணுமில்ல.”

“பொக்கு இல்ல ஹாஜியார். ரெஜிபோம் அப்பிடித்தான் சத்தம் போடும்.”

“பொக்கு மிளகு கொண்டு வந்தவனும் எனக்கிட்ட இப்பிடித்தான் சென்னான்.”

இந்திரகுமாரின் முகம் சுருங்கிவிட்டது. “நம்பிக்கை இல்லன்னா நான் வேணும்னா இந்த அறையில ஒரு மாசம் படுத்துக் காட்டுறேன்.”

“சும்மா இருங்க நீங்க” என்றாள் ரஜிதா. “ஹாஜியார் சமைக்கவும் சொல்லிருவாரு.”

மாத்தளைத் தேர் பார்க்க அவர்கள் இறங்கிப் போனார்கள். வீட்டில் ஹாஜியார் தனியே. சுவரைப் பார்க்கப் பார்க்க மனம் அரித்தது. உள்ளே பலகை முழுதாக இருக்கிறதா, இடையிடையே விட்டுவிட்டு மேலே பூசி மூடிவிட்டார்களா? குல்தூமை வரவழைத்த பிறகு சுவர் மறுபடி வியர்த்தால் அவள் இந்த ஜென்மத்தில் ஏற மாட்டாள். வாயால் சொல்வதை நம்பி அவர் ஒருநாளும் சரக்கு வாங்கியதில்லை. மூட்டையைக் குத்தி, நடுவில் கிடப்பதை வெளியே இழுத்துப் பார்த்தே வாங்கியிருக்கிறார். அந்தக் குத்தூசி, குழாய் போலப் பள்ளம் வெட்டிய இரும்பு, கடையை விட்டாலும் அவரோடு மலையேறி வந்திருந்தது.

எடுத்தார். நெஞ்சு உயரத்தில் வைத்துக் குத்தினார். சதக்கென்று இறங்கி, கல்லில் போய் ணங்கென்று நின்றது. இழுத்துப் பார்த்தால் பள்ளம் நிறைய வெள்ளை மணி. மாஷா அல்லாஹ், நிறைந்த சரக்கு. ஒரு மூட்டையைப் பார்த்து முழு லோடையும் வாங்குகிற முட்டாளா அவர்? இரண்டடிக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் என்று போனார். எங்கேயும் பொக்கில்லை. சாக்கென்றால் குத்திய இடத்தை ஊசி நுனியால் தேய்த்துவிட்டால் போதும், இழை நெருங்கி ஓட்டை அடைந்துவிடும். கைப்பழக்கத்தில் சுவரையும் தேய்த்துவிட்டார். மனம் குளிர்ந்து போன் எடுத்தார்.

“குல்தூம், சுவர் காஞ்சிட்டுது. வாங்க.”

“சத்தியமா?”

“வந்து தொட்டுப் பாருங்களே.”

அன்று பிடித்தது மழை. விட்டு விட்டு அடித்து, அவள் வருவதாகச் சொன்ன காலையில்தான் நின்றது. ஹாஜியார் எழும்பிப் பார்த்தால் ஹாலின் உள்சுவரில் வட்டம் வட்டமாக ஈரம், கோப்பை வைத்து எடுத்த தடம் மாதிரி வரிசையாக.

தேர் முடிந்து வந்திருந்த பாஸையும் ரஜிதாவையும் ஆள் விட்டுக் கூப்பிட்டார். இந்திரகுமார் வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், அடியில் சிந்திக் கிடந்த வெள்ளை மணிகளைப் பார்த்தார்.

“என்னா ஹாஜியார் இது?”

“குருவி கொத்தியிருக்கும்.”

“நல்ல ஒயரமான குருவி” என்றாள் ரஜிதா. “வரிசை தப்பாம கொத்தியிருக்கு.”

அதற்குள் பவாஸின் வேன் வந்து நின்றது. உம்மு குல்தூம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

“ஜஸ்லாட வாப்பா, சுவருக்கு என்ன, அம்மை போட்டீக்கிதா?”

பவாஸ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நேரே பாஸிடம் போனான். “கட்டார் வேலைன்னு சென்னீங்களே, இதுதானா? வயசாளிய நல்லா ஏமாத்திட்டீங்க. மபாஸா கேட்டா நானே சொல்லுறேன் ஒங்கட வேலையப் பத்தி.”

இந்திரகுமார் ஹாஜியாரைத்தான் பார்த்தார். ரஜிதா வாயைத் திறக்க, மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஹாஜியார் பேசாமல் நின்றால் பழி பாஸோடு போய்விடும். அந்த மனுஷனின் அடுத்த வேலையும் போய்விடும். பேசினால், சுவர் மேல் சந்தேகப்பட்டுச் சுவரையே கெடுத்த புருஷனை அவள் என்ன செய்வாள்? வேன் இன்னும் திரும்பவில்லை, எஞ்சின்கூட நிற்கவில்லை.

“பாஸைப் பேச வேணாம் மருமகன்” என்றார். “நான்தான் குத்தின. குத்தூசியால.”

“சுவரையா?” என்றாள் உம்மு குல்தூம்.

“உள்ள சரக்கு ஈக்குதான்னு பாத்தேன்.”

அவள் ஒரு கணம் அவரையே பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். இந்த மலையில் அவள் சிரித்து ஹாஜியார் பார்த்ததில்லை. ரஜிதாவும் சேர்ந்துகொண்டாள். பவாஸ் தலையைச் சொறிந்துகொண்டு, “மன்னிச்சுக்கங்க பாஸ்” என்றான்.

“ஓட்டைய அடைச்சிறலாங்க” என்றார் இந்திரகுமார். “பசையும் பூச்சும் போட்டா தண்ணி போகாது. ஆனா அந்த ஊசிய மட்டும் கண்ணுல காட்டாதீங்க.”

சிரிப்பு அடங்கியதும் உம்மு குல்தூம் உள்ளே போனாள். ஹாலின் ஈரத்தைத் தாண்டிப் பின்னறைக்குப் போய், காய்ச்சல் பார்ப்பது போலச் சுவரில் புறங்கையை வைத்தாள். நெடுநேரம் வைத்திருந்தாள். பொட்டு ஈரமில்லை.

“இந்தப் பக்கம் ஏன் குத்தல்ல?”

“வெளிய பள்ளம். கால் வைக்க எடமில்ல. பாஸ் மாதிரி எனக்குத் தொங்கத் தெரியாது.”

“அல்லாஹ் காப்பாத்தின சுவர்.” அவள் அங்கிருந்து குசினிக்குள் போனாள். பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. “இந்தச் சுவருக்குச் சட்டை எங்க?”

“அங்க அடுப்பு எரியுதே குல்தூம், என்னத்துக்கு?”

“எரியிறது மூட்டின பொறகு. விடியச் சுபஹுத் தொழுகைக்கு எழும்பி மூட்டுற ஆளு யாரு? நான் இல்லாத நேரம் யாரு மூட்டின?”

“நான்தான்.”

“கை எப்பிடி ஈந்திச்சு?”

ஹாஜியார் உள்ளங்கையைப் பார்த்தார். “வெறைச்சுத்தான் போச்சு.”

அவள் வாசலுக்கு வந்தாள். “மருமகன், வேனை நிப்பாட்டிட்டு சாமான எறக்குங்க. பாஸ், ஓட்டைய அடைச்சிட்டு குசினிப் பக்கமும் ஒட்டுங்க. அது முடியுற வரைக்கும் சுபஹுக்கு அடுப்பு மூட்டுறது ஜஸ்லாட வாப்பா.”

ஹாஜியார் அவசரமாகத் திரும்பினார். “பாஸ், எப்ப முடியும்?”

“மழையப் பொறுத்துத்தான் ஹாஜியார்.”

“அவசரமில்ல, ஆறுதலா செய்ங்க பாஸ்” என்றாள் உம்மு குல்தூம்.