கற்பூரம் நன்றாகத்தான் எரிந்தது

பேனரின் ஒரு முனையைத் தெருவிளக்குக் கம்பத்தில் கட்டியாகிவிட்டது. மறுமுனைக்கு இடம் தேடியவர்கள் யாரையும் கேட்காமல் கிரேஸ் வீட்டு ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். உள்ளே ஆள் இருந்தும் ஜன்னல் திறக்கவில்லை. திலகவதி எதிரே தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பேனரில் அவள் புருஷன் அன்புசெல்வன் சிரித்தான். கல்யாணப் படத்திலிருந்து மாலையை மட்டும் அழித்துவிட்டு எடுத்த முகம். 'தோழனைக் காக்கத் தன்னுயிர் தந்த மாவீரன்' என்று சிவப்பில் எழுதியிருந்தது. தோழன் என்றால் கிரேஸின் புருஷன் ஸ்டீபன். அவனும் அதே தொட்டியின் விஷவாயுவில்தான் செத்தான். அவன் படம் எங்கும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் கழிவுத் தொட்டி அது. ஸ்டீபன் குடித்துவிட்டுத் தவறி விழுந்தான், காப்பாற்றப் போன சூப்பர்வைசர் அன்புசெல்வனும் விஷவாயுவில் சிக்கிக்கொண்டான் என்று கம்பெனி சொன்னது. இரண்டே நாளில் தெருவும் அதையே சொல்ல ஆரம்பித்தது. தெருவுக்கு ஒரு வீரன் கிடைத்தான், கம்பெனிக்கு ஒரு குடிகாரன் கிடைத்தான். கிரேஸுக்கு நஷ்டஈடு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அன்புசெல்வன் உடனே சாகவில்லை. ஆஸ்பத்திரியில் மறுநாள் மத்தியானம் வரை மூச்சு இருந்தது. மூக்குக் குழாயை ஒதுக்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "நான்தான் திலகா அவன எறங்கச் சொன்னேன். அவன் வேணான்னுதான் சொன்னான். கற்பூரம் நல்லாத்தான எரிஞ்சுது?" என்றான். அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். தொட்டியில் வாயு இருக்கிறதா என்று பார்க்க ஒரு மீட்டர் உண்டு. அது செத்துப்போய் அலமாரியில் கிடக்கிறது என்று அவன் வீட்டில் பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான். மீட்டருக்குப் பதிலாகத் தொட்டி மூடியின் மேல் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். சுடர் ஆடாமல் நின்று எரிந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்குவார்கள். சிலுவை போட்டிருக்கும் ஸ்டீபனும்தான். அந்தக் கற்பூரத்தைச் சாப்பாட்டுக் கூடையில் வைத்து அனுப்பியது திலகவதி. மூடிக்கு மேலே எரிகிற நெருப்புக்குக் கீழே இருப்பது எப்படித் தெரியும் என்று ஒரே ஒரு நாள் அவளுக்குத் தோன்றியது. பருப்பு பொங்கி வழிந்தது. அடுப்பைக் குறைக்கப் போய்விட்டாள்.

தொழிற்சங்கத் தலைவர் ராஜமாணிக்கம் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, மைக்குல ரெண்டு வார்த்த பேசணும்மா. அழுவ வந்தா அழுதுடு, தப்பில்ல. பேப்பர்காரங்க வராங்க."

"ஸ்டீபன் குடிக்கலண்ணே."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அத இன்னாத்துக்கு இப்போ நோண்டிக்கினு கீற? இந்தத் தெருவுக்கே உன் ஊட்டுக்காரரு பேரு வெக்கச் சொல்லிக் கேட்டுக்கினு கீறோம். எல்லாம் விதிம்மா. யார இன்னா சொல்ல முடியும்?"

விதி. துக்கம் கேட்க வந்த எல்லோரும் அந்தச் சொல்லைத்தான் வைத்துவிட்டுப் போனார்கள். அதை ஒத்துக்கொண்டால் இன்று இரவே நன்றாகத் தூங்கலாம். அவளுக்கும் தூக்கம் வேண்டியிருந்தது. ஆனால் விதிக்கு மீட்டர் எதற்கு, அலமாரி எதற்கு? வேண்டாம் என்று சொன்ன ஒருவனைப் போடா என்று சொன்னது விதியின் வாய் இல்லை. அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்ட வாய்.

சாயங்காலம் இரங்கல் கூட்டத்துக்குத் தெருவில் போட்ட நாற்காலிகள் நிரம்பின. கடைசி வரிசையில் கிரேஸ் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இரண்டு நாற்காலிகளும் காலி. முன்னால் யாரோ, "தண்ணி வண்டிக்காகப் போயி தங்கமான மனுசன் செத்தாம்பா" என்று சொல்ல, ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான். திலகவதி மைக்கைப் பிடித்தாள். பள்ளிக்கூடத்தில்கூட எழுந்து நின்று பேசியவள் இல்லை.

"ஸ்டீபன் குடிக்கல. எறங்க மாட்டேன்னாரு. எங்க ஊட்டுக்காரருதான் எறக்கி உட்டாரு. சாவறப்போ அவரே சொன்னாரு. மீட்டர் ரிப்பேரு. கம்பெனி மாத்தல, சங்கமும் கேக்கல. அவரு கற்பூரத்த நம்புனாரு. அத கட்டிக் குடுத்தது நான்."

மைக் கீச்சிட்டு அடங்கியது. ராஜமாணிக்கம் வயரைப் பிடுங்கியிருந்தார். "துக்கத்துல இன்னா பேசறோம்னு தெரியாம பேசுது பாவம்" என்று கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார். ஒரு சொந்தக்காரி மேடையோரம் வந்து, "புருஷன் பேர நீயே கெடுத்துட்டியேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். நாற்காலிகள் ஒவ்வொன்றாய்க் காலியாயின.

கிரேஸ் மட்டும் எழுந்து வந்தாள். கட்டிக்கொள்வாள், இல்லை காறித் துப்புவாள் என்று திலகவதி நினைத்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள் கிரேஸ். குரலில் கோபம்கூட இல்லை. "பொட்டிய மூடறதுக்கு முன்னாடி எங்க மாமியா குனிஞ்சி அவரு வாய மோந்து பாத்தாங்க. பெத்தவங்க. எல்லாரும் பாத்துக்கினு இருக்கறப்பவே."

பிறகு அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காற்று கிளம்பிவிட்டது. திலகவதி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கம்பத்தில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். நைலான் கயிறு. நகம் பிய்ந்தது. பேனர் ஒரு பக்கமாய்ச் சரிந்து, அன்புசெல்வனின் முகம் மடிந்து மண்ணில் இழுபட்டது. அதைக் கையில் சுருட்டிக்கொண்டே தெருவைக் கடந்தாள்.

மறுமுனை கிரேஸ் வீட்டு ஜன்னல் கம்பியில் இருந்தது. முடிச்சு கம்பிக்கு உள்பக்கமாய்த் திரும்பி இறுகியிருந்தது. உள்ளேயிருந்து ஜன்னல் கதவைத் திறந்தால்தான் கைக்கு எட்டும். திலகவதி பேனரை மார்போடு பிடித்தபடி, மூடியிருந்த ஜன்னலுக்கு முன்னால் நின்றாள்.