தண்ணீரில் பட்டுத் தெறித்த குண்டு

எனக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்று அப்பா ஒரு பாயிண்ட் டூ டூ ரைஃபிள் வாங்கிக் கொடுத்தார். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான் போட முடியும். மேற்கு வர்ஜீனியாவில் எங்கள் மலைப்பக்கத்துப் பையன்களுக்கு அந்த வயதில் ஒன்று கிடைத்துவிடும்.

"அணிலச் சுடு, தகர டப்பாவச் சுடு. தண்ணியப் பாத்து மட்டும் சுட்றாத. குண்டு எங்க தெறிக்கும்னு அதுக்கே தெரியாது" என்றார்.

மூன்றாம் நாளே சுட்டேன். குட்டையில் ஓர் ஆமை தலை நீட்டியது. கை சும்மா இருக்கவில்லை. ஆமை முழுகிவிட்டது. விண்ணென்று ஏதோ எதிர்க்கரை மரங்களுக்குள் பாய்ந்தது. உடனே ஒரு பெண்ணின் அலறல்.

மரங்களுக்குப் பின்னால் ஹெஸ்டர் புரூயிட்டின் வீடு. துணி காயப்போடும்போது எட்டு மாதக் குழந்தை நேவாவைக் கூடையில் பக்கத்தில் கிடத்தியிருப்பாள்.

அலறல் ஒரு தடவைதான் கேட்டது. அதற்குப் பிறகு வந்த அமைதியில் எனக்குக் கால்சட்டை நனைந்துவிட்டது. ஓடி ஒளியலாம் என்று தோன்றியது. ஏனோ கால்கள் கரையைச் சுற்றி ஓடின.

கொடிக்கு அடியில் கூடை கவிழ்ந்து கிடந்தது. வாசற்படியில் ஹெஸ்டர் குழந்தையின் துணிகளைப் பிய்த்தெறிந்து, உடம்பெல்லாம் தடவிக்கொண்டிருந்தாள். குழந்தை அழவே இல்லை.

"ரத்தம் எங்க? எமெட், பயத்துல எனக்குக் கண்ணே இருட்டுதுடா, ரத்தம் எங்கனு பாரு!"

பார்த்தேன். எங்கும் இல்லை. அப்போதுதான் நேவா வீறிட்டாள். ஹெஸ்டரின் பார்வை என் கையிலிருந்த துப்பாக்கிக்கு வந்தது.

"நீயா?"

"ஆமாங்க மேடம்."

"போ. உங்கப்பாகிட்ட நீயே சொல்லு."

அப்பா லாரிக்கு அடியில் வேலையாக இருந்தார். சொன்னேன். அவர் அடிக்கவில்லை. வெளியே வந்து மண்ணில் உட்கார்ந்தார். பிறகு என் சட்டைக் காலரைப் பிடித்து அந்த வீட்டுக்கே இழுத்துப்போனார்.

ஹெஸ்டரின் கணவன் ராய்ஸ் சுரங்க வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தான். முகமெல்லாம் கரி. அடித்தே கொல்லப்போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவன் என் விரலைப் பிடித்துக் கூடையின் விளிம்பில் இருந்த ஓட்டைக்குள் நுழைத்தான்.

"இதுக்கு நாலு விரக்கடை கீழதான் அவ தலை இருந்துச்சு."



துப்பாக்கியை அப்பா பிடுங்கிக்கொள்ளவில்லை. நான்தான் அதில் மறுபடி தோட்டா போடவே இல்லை. நேவா இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். தேவாலயத்தில் எனக்கு முன் வரிசையில்தான் உட்காருவாள். அவள் திரும்பிச் சிரிக்கும்போதெல்லாம் அவள் தலைக்கு மேலே நாலு விரற்கடையை இன்னமும் கண்ணால் அளந்து பார்க்கிறேன்.